முதிர்பருவ உளவளர்ச்சி

முதிர்பருவ உளவளர்ச்சி என்பது ஏறத்தாழப் பதினெட்டு வயதில் தொடங்கி வாழ்வின் இறுதி வரை மனிதரின் அறிவாற்றல், ஆளுமை, உணர்ச்சிகள், உறவுகள் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். இதனை ஆராயும் துறை வளர்ச்சி உளவியலின் ஒரு பிரிவாகும். குழந்தை உளவியலோடு ஒப்பிடும்போது இது இளைய துறை. மனிதர் பதின்ம வயதின் முடிவில் வளர்ந்து முடிந்துவிடுகிறார், பின்னர் நெடுங்காலம் அப்படியே இருந்து முதுமையில் தேய்கிறார் என்ற எண்ணமே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உளவியலாளரிடையே மேலோங்கியிருந்தது. சிக்மண்ட் பிராய்டு வகுத்த உளப்பாலியல் நிலைகளும், ஜீன் பியாஜே வகுத்த அறிதிறன் நிலைகளும் பதின்ம வயதோடு நின்றுவிடுகின்றன.

இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மனத்தின் எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் மாறுவதில்லை. சில இருபதுகளிலேயே குறையத் தொடங்குகின்றன. சில அறுபதைத் தாண்டியும் கூடுகின்றன. மேலும், முதுமையின் குறைபாடு என்று நெடுங்காலம் கருதப்பட்டவற்றுள் ஒரு பகுதி வயதினால் வந்ததன்று. அம்முதியோர் பிறந்து வளர்ந்த காலத்தினால் வந்தது. ஒருவரை எந்த வயதில் பணியிலிருந்து விலக்குவது, அவருடைய முடிவுகளை எந்த அளவு மதிப்பது போன்ற கேள்விகளுக்கான விடைகள் இவ்வேறுபாட்டைச் சார்ந்திருப்பதால், இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று.

பருவப் பகுப்புகள்

வாழ்நாளைப் பருவங்களாகப் பிரிக்கும் வழக்கம் பழமையானது. இந்திய மரபில் பிரமச்சரியம், இல்லறம், வானப்பிரத்தம், துறவு என்னும் நான்கு நிலைகள் கூறப்பட்டன. தமிழ் உலா இலக்கியங்களில் பெண்களுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்கள் சொல்லப்படுகின்றன. பேதைக்கு ஐந்து முதல் ஏழு வயது. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வயது. நாற்பதுக்கு மேல் பருவமே இல்லை. இவை உளவியல் கோட்பாடுகள் அல்ல. ஆயினும் ஒரு சமூகம் வாழ்வின் எப்பகுதியைக் கவனிக்கத் தக்கதாகக் கருதியது என்பதை இவை காட்டுகின்றன.

தற்கால உளவியலில் வாழ்நாள் முழுவதையும் உள்ளடக்கிய முதல் செல்வாக்குள்ள திட்டத்தைத் தந்தவர் எரிக் எரிக்சன் (1902–1994) ஆவார். செருமனியின் பிராங்க்பர்ட்டில் பிறந்து, வியன்னாவில் அன்னா பிராய்டிடம் பயிற்சி பெற்று, 1933இல் அமெரிக்காவில் குடியேறியவர் இவர். 1950இல் வெளியான தமது நூலில் வாழ்வை எட்டு நிலைகளாகப் பிரித்தார். அவற்றுள் இறுதி மூன்றும் முதிர்பருவத்துக்குரியவை. இளமையில் நெருக்கத்துக்கும் தனிமைக்கும் இடையிலும், நடுவயதில் அடுத்த தலைமுறையைப் பேணுவதற்கும் தேக்கத்துக்கும் இடையிலும், முதுமையில் நிறைவுக்கும் விரக்திக்கும் இடையிலும் மனம் போராடுகிறது என்பது இவர் கருத்து. பேணுதல் என்று இவர் குறிப்பிட்டது பிள்ளை பெறுவதை மட்டுமன்று. கற்பித்தல், தொழில் பயிற்றுதல், நிறுவனங்களை உருவாக்குதல் ஆகியவையும் அதில் அடங்கும்.

இக்கருத்தை ஒரு தனிமனிதரின் வாழ்வில் வைத்துப் பார்க்க எரிக்சன் தேர்ந்தெடுத்தவர் காந்தி. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்தியபோது காந்திக்கு வயது 48. அந்நிகழ்வை மையமாகக் கொண்டு எரிக்சன் எழுதிய நூல் 1969இல் வெளியாகி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசைப் பெற்றது. இந்திய உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர் எரிக்சனின் நிலைகளை நான்கு ஆசிரமங்களோடு ஒப்பிட்டு எழுதியுள்ளார்.

எரிக்சனின் மனைவி ஜோன் எரிக்சன், தாம் தொண்ணூறுகளில் இருந்தபோது ஒன்பதாவது நிலை ஒன்றைச் சேர்த்தார். அது 1997இல் வெளிவந்தது. எண்பதுக்கு மேல் உடல் தளரும்போது முந்தைய எட்டு நிலைகளின் போராட்டங்கள் யாவும் மீண்டும் எழுகின்றன என்றும், தன் உடலையே நம்ப முடியாத நிலையில் குழந்தைப் பருவத்து நம்பிக்கைச் சிக்கல் திரும்பி வருகிறது என்றும் அவர் கூறினார். எட்டாவது நிலையை எழுதியபோது எரிக்சனுக்கு ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

முகிழ்க்கும் முதிர்பருவம்

அமெரிக்க உளவியலாளர் ஜெப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயது விடலைப் பருவமும் அன்று, முழு முதிர்பருவமும் அன்று, தனியொரு பருவம் என வாதிட்டார். 1970இல் அமெரிக்கப் பெண்களின் இடைநிலைத் திருமண வயது ஏறத்தாழ 21, ஆண்களுக்கு 23. 2000இல் இவை முறையே 25, 27 ஆக உயர்ந்திருந்தன. கல்விக்காலம் நீண்டது, நிலையான வேலை தள்ளிப்போனது. இதனால் உருவான இடைவெளியில் இளையோர் தம் அடையாளத்தைத் தேடுகின்றனர், வேலையையும் வசிப்பிடத்தையும் அடிக்கடி மாற்றுகின்றனர் என்று ஆர்னெட் விவரித்தார். தாம் வளர்ந்துவிட்டோமா என்ற கேள்விக்கு உறுதியாக விடையளிக்கவும் அவர்களால் இயலவில்லை. வளர்ந்துவிட்டதற்கு அடையாளம் எது என்று வினவியபோது, அவர்கள் திருமணத்தைச் சொல்லவில்லை. தன் பொறுப்பைத் தானே ஏற்றல், தானே முடிவெடுத்தல், பொருளாதாரத்தில் தன்காலில் நிற்றல் ஆகியவற்றையே முதன்மையாகக் கூறினர்.

இக்கருத்து வசதியான நாடுகளின் கல்லூரி மாணவரை மட்டும் கண்டு கூறப்பட்டது என்னும் மறுப்பு உண்டு. மறுப்பு நியாயமானதே. இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களுள் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு இப்படியொரு தேடற்பருவம் வாய்க்கவே இல்லை. ஆகவே இதனை உடல் வளர்ச்சிபோல் எல்லோருக்கும் பொதுவான பருவமாகக் கொள்வதைவிட, சில சமூகச் சூழல்கள் அளிக்கும் வாய்ப்பாகக் கொள்வதே பொருத்தம்.

திட்டமிடல், தன்னடக்கம் ஆகியவற்றில் பங்குகொள்ளும் மூளையின் முன்நெற்றிப் பகுதி இருபதுகளிலும் முதிர்ந்துகொண்டே வருகிறது. ஆனால் இருபத்தைந்தாம் வயதில் மூளை முழுமையடைகிறது என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு அவ்வளவு துல்லியமான அடிப்படை இல்லை.

ஆளுமையும் நடுவயதும்

முப்பது வயதோடு மனிதரின் குணம் இறுகிவிடும் என்று வில்லியம் ஜேம்ஸ் 1890இல் கருதினார். 2006இல் பிரென்ட் ராபர்ட்சும் உடன் ஆய்வாளர்களும் 92 நெடுங்கால ஆய்வுக்குழுக்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளுமை மிகுதியாக மாறுவது இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் எனத் தெரிந்தது. பொதுவாகப் பொறுப்புணர்வும் மனநிலை உறுதியும் கூடுகின்றன. மாற்றம் அதற்குப் பின்னும் முற்றாக நிற்பதில்லை.

நடுவயது நெருக்கடி என்னும் தொடர் 1965இல் கனடாவில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்சு எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அவர் ஓவியர், இசையமைப்பாளர், எழுத்தாளர் பலரின் வாழ்க்கையை நோக்கி, முப்பதுகளின் நடுவில் தம் இறப்பைப் பற்றிய உணர்வு அவர்களை உலுக்கியதாகக் கூறினார். டேனியல் லெவின்சன் 1978இல் இதனை விரிவாக்கினார். அவர் ஆராய்ந்தது நாற்பது அமெரிக்க ஆண்களை. உயிரியலாளர், புதின ஆசிரியர், நிறுவன நிருவாகி, கூலித் தொழிலாளர் என வகைக்குப் பத்துப் பேர். இத்துணைச் சிறிய குழுவிலிருந்து பிறந்த கருத்து உலகெங்கும் பொது அறிவாக மாறியது வியப்புக்குரியது. பின்னர் எலைன் வெதிங்டன் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கர் மட்டுமே தமக்கு நடுவயது நெருக்கடி வந்ததாகக் கூறினர். அவர்களுள்ளும் பலர் சுட்டியது வேலையிழப்பு, மணமுறிவு போன்ற எவ்வயதிலும் வரக்கூடிய நிகழ்வுகளையே.

அறிவாற்றல்: சியாட்டில் ஆய்வு

வயதுக்கும் அறிவுக்கும் உள்ள தொடர்பை அளக்க எளிய வழி, ஒரே நாளில் இளையோருக்கும் முதியோருக்கும் ஒரே தேர்வை வைத்து மதிப்பெண்களை ஒப்பிடுவது. இது குறுக்குவெட்டு ஆய்வு எனப்படும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வாறு செய்யப்பட்ட ஆய்வுகள் எல்லாம், முப்பது வயதிலிருந்தே அறிவு சரிவதாகக் காட்டின.

1956இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவரான வார்னர் ஷாயி, சியாட்டில் நகரின் மருத்துவக் கூட்டுறவு அமைப்பொன்றின் உறுப்பினர்களுள் 500 பேருக்கு இத்தகைய தேர்வுகளை வைத்தார். அவருக்கும் அதே சரிவே கிடைத்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. ஏழாண்டு கழித்து, 1963இல், அதே மனிதர்களைத் தேடிப்பிடித்து மீண்டும் தேர்வு வைத்தார். இது நெடுக்கு ஆய்வு. இப்போது சரிவு பெரும்பாலும் மறைந்துவிட்டது. பெரும்பாலோர் ஏழாண்டுக்கு முன் பெற்ற மதிப்பெண்ணையே ஏறத்தாழப் பெற்றனர். சிலர் கூடுதலாகவும் பெற்றனர்.

இம்முரணுக்கான விளக்கம் எளியது. 1956இல் அறுபது வயதாக இருந்தவர் 1896இல் பிறந்தவர். அவர் பெற்ற பள்ளிக்கல்வி, உணவு, மருத்துவம் ஆகியவை 1930இல் பிறந்தவர் பெற்றவற்றைவிடக் குறைவு. அவர் குறைந்த மதிப்பெண் பெற்றதற்கு வயது மட்டுமே காரணமன்று. இருபது வயதிலும் அவர் அத்தேர்வில் பின்தங்கியே இருந்திருப்பார். இரு தலைமுறைகளுக்கு இடையிலான வேறுபாட்டை வயதின் விளைவாகப் பார்த்த பிழை இது. தலைமுறை விளைவு என்று இதனை அழைப்பர். எழுத்தறிவு ஓரிரு தலைமுறைக்குள் வேகமாகப் பரவிய நாடுகளில் பாட்டியையும் பேத்தியையும் ஒரே தேர்வால் ஒப்பிடுவது இதே பிழைக்கு இன்னும் எளிதாக இட்டுச்செல்லும்.

ஷாயியின் ஆய்வு ஏழாண்டுக்கு ஒருமுறை பல பதிற்றாண்டுகள் தொடர்ந்தது. சொல்வளம், மொழிப் பொருளறிதல் ஆகியவை அறுபதுகள் வரை நிலைத்திருப்பதையும், பார்த்தவுடன் ஒப்பிடும் வேகம் மட்டும் இளமையிலிருந்தே குறைவதையும் அது காட்டியது. ரேமண்ட் கேட்டலும் ஜான் ஹார்னும் முன்வைத்த பகுப்புக்கு இது பெரிதும் இசைவானது. புதிய சிக்கலை விரைந்து அவிழ்க்கும் திறனை அவர்கள் பாய்ம நுண்ணறிவு என்றும், கற்றும் பட்டும் சேர்த்த அறிவைப் படிக நுண்ணறிவு என்றும் பிரித்தனர். முன்னது முன்னரே குறைகிறது. பின்னது நெடுங்காலம் வளர்கிறது.

ஷாயியும் செர்ரி வில்லிசும் 1986இல் வெளியிட்ட முடிவு இன்னும் குறிப்பிடத்தக்கது. அறுபத்து நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒருமணி நேர வகுப்புகள் ஐந்து மட்டும் நடத்தப்பட்டன. மூன்றில் இரு பங்கினர் முன்னேறினர். முன்னர்ச் சரிவு கண்டிருந்தவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னிருந்த நிலைக்குத் திரும்பினர். அவர்கள் இழந்ததாகக் கருதப்பட்டதன் ஒரு பகுதி, பயன்படுத்தாமல் விட்டதே.

எனினும் நெடுக்கு ஆய்வும் குறையற்றதன்று. ஒரே தேர்வை மீண்டும் எழுதுவோர் பழக்கத்தால் நன்றாகச் செய்வர். நலிந்தவர்கள் இடையில் விலகிவிடுவர். இவ்விரண்டும் சரிவை மறைக்கக்கூடும் என்றும், சில திறன்கள் இருபதுகளின் இறுதியிலிருந்தே குறைகின்றன என்றும் திமோத்தி சால்ட்ஹவுஸ் வாதிட்டார். உண்மை இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையில் உள்ளது எனலாம். எழுபதுகளின் பின்பகுதியிலிருந்து பெரும்பாலான திறன்கள் குறைகின்றன என்பதில் இருசாராரும் உடன்படுகின்றனர்.

ஈடுசெய்தல்

இழப்பு உண்மையானது என்றால், முதியோர் பலர் தம் தொழிலில் எவ்வாறு சிறந்தே விளங்குகின்றனர் என்ற கேள்வி எழுகிறது. சால்ட்ஹவுஸ் 1984இல் தட்டச்சர்களை ஆராய்ந்தார். வயதானவர்களின் விரல்கள் மெதுவாகவே இயங்கின. ஆயினும் அவர்கள் இளையோருக்கு இணையான வேகத்தில் தட்டச்சு செய்தனர். அடிக்கும் எழுத்தைவிட வெகுதூரம் முன்னதாக அவர்களின் கண் படித்துச் சென்றதே காரணம்.

செருமானிய உளவியலாளர்கள் பால் பால்டெஸ், மார்கரெட் பால்டெஸ் இணையர் இதனைப் பொதுக்கோட்பாடாக்கினர். அவர்கள் எடுத்துக்காட்டாகக் கூறுவது பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனை. எண்பது வயதில் எவ்வாறு திறம்பட வாசிக்கிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது அவர் மூன்று வழிகளைச் சொன்னார். முன்னைவிடக் குறைவான உருப்படிகளையே வாசிக்கிறார். அவற்றை முன்னைவிட அதிகம் பயிற்சி செய்கிறார். விரைவான பகுதிக்குச் சற்று முன்னர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறார், அதனால் அடுத்து வருவது விரைவாக ஒலிக்கிறது. தேர்ந்தெடுத்தல், மெருகேற்றல், ஈடுசெய்தல் என்று பால்டெஸ் இணையர் இவற்றுக்குப் பெயரிட்டனர்.

முதுமை வந்தால் ஞானம் தானே வரும் என்ற நம்பிக்கைக்குப் பால்டெஸ் குழுவின் ஆய்வுகள் ஆதரவளிக்கவில்லை. வாழ்க்கைச் சிக்கல்களைக் கொடுத்து ஆலோசனை கேட்டபோது, இருபதுகளின் நடுவிலிருந்து எழுபத்தைந்து வரை வயதுக்கும் விடையின் தரத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. முதியோர் பின்தங்கவில்லை என்பதே அங்குக் கிடைத்த நற்செய்தி.

உணர்ச்சியும் உறவும்

முதியோரின் நட்பு வட்டம் சிறியது. இது தனிமையின் அறிகுறி எனக் கருதப்பட்டு வந்தது. லாரா கார்ஸ்டன்சன் வேறு விளக்கம் தந்தார். எஞ்சியுள்ள காலம் குறைவு என உணர்வோர், புதியவரை அறிவதைவிட நெருங்கியவரோடு இருப்பதையே விரும்புகின்றனர். அதாவது, இம்மாற்றத்துக்குக் காரணம் வயதன்று. காலம் பற்றிய உணர்வு.

இதைச் சோதிக்க அரிய வாய்ப்பொன்று ஆங்காங்கில் கிடைத்தது. அந்நகரம் 1997 சூலை 1ஆம் நாள் சீனாவிடம் ஒப்படைக்கப்பட இருந்தது. ஓய்வாக அரைமணி நேரம் கிடைத்தால் யாருடன் செலவிடுவீர்கள் என்று ஹெலன் பங், கார்ஸ்டன்சன் உள்ளிட்டோர் மக்களிடம் வினவினர். ஓராண்டு முன்னர், முதியோர் நெருங்கிய உறவினரைத் தேர்ந்தனர். இளையோரிடம் அவ்விருப்பம் அத்துணை இல்லை. ஒப்படைப்புக்கு இரண்டு மாதம் இருக்கையில் இளையோரும் முதியோரைப் போலவே விடையளித்தனர். ஒப்படைப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் பழைய வேறுபாடு திரும்பியிருந்தது. ஒரு முடிவு நெருங்குவதாக உணர்ந்த சில மாதங்களுக்கு, இளையோரின் தேர்வு முதியோரின் தேர்வாக மாறியிருந்தது.

நடுவயதில் மகிழ்ச்சி குறைந்து முதுமையில் மீண்டும் உயர்கிறது என்று பொருளியலாளர் டேவிட் பிளாஞ்ச்பிளவர் உள்ளிட்டோர் 2008இல் எழுதினர். அண்மைக் காலத்தில் இளையோரின் மனநலம் சரிந்ததால் இவ்வடிவம் பல நாடுகளில் மறைந்துவருவதாக அவரே பின்னர் தெரிவித்துள்ளார்.

முதுமறதி

முதுமறதி வயதின் இயல்பான விளைவன்று. அது நோய்களால் வருவது. இதனை ஆராய்ந்தவற்றுள் புகழ்பெற்றது டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய கன்னியர் ஆய்வு. அமெரிக்காவின் நோத்ர தாம் பள்ளிக் கன்னியர் சபையைச் சேர்ந்த, 75 வயதைக் கடந்த 678 பேர் ஆண்டுதோறும் தேர்வுகளுக்கு உட்பட்டு, இறப்புக்குப் பின் தம் மூளையை அளிக்கவும் இசைந்தனர். உணவு, உறைவிடம், வருமானம் யாவும் ஒத்திருந்ததால் ஒப்பீடு எளிதாயிற்று.

அவர்கள் இளமையில், சராசரியாக 22 வயதில், கைப்பட எழுதிய சுருக்கமான தன்வரலாறுகள் மடங்களில் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 93 பேர் எழுதியவை ஆராயப்பட்டன. வாக்கியங்களில் கருத்துச் செறிவு குறைவாக இருந்தவர்களிடம், ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பின் அறிவாற்றல் குறைவு மிகுதியாகக் காணப்பட்டது. இதனால் செறிவாக எழுதப் பழகினால் நோய் வராது என்று முடிவுகட்டலாகாது. இளமையின் எழுத்து, மூளையின் வலிமைக்குக் காரணமாகவன்றி அதன் அடையாளமாக மட்டும் இருக்கலாம். 101 வயதில் இறந்த ஒருவரின் மூளையில் ஆல்சைமர் நோய்க்குரிய மாற்றங்கள் நிறைந்திருந்தும், அவர் இறுதிவரை தேர்வுகளில் நன்றாகவே செய்திருந்தார் என்பதும் இவ்வாய்வின் கண்டுபிடிப்பே.

இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டோருள் 7.4 விழுக்காட்டினருக்கு முதுமறதி இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. பெண்களிடமும், ஊர்ப்புறத்தாரிடமும், கல்வி பெறாதோரிடமும் இது கூடுதல். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் கல்வியின்மை, காது கேளாமை, உயர் குருதியழுத்தம், சமூகத் தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைப் பட்டியலிட்டு, இவை முற்றிலும் நீங்கினால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு முதுமறதியைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் எனக் கணித்தது.

வாழ்வின் இறுதி

இறப்புக்குச் சில ஆண்டுகள் முன்னர் அறிவாற்றல் விரைந்து குறைவதை ராபர்ட் கிளீமியர் 1962இல் சுட்டிக்காட்டினார். இச்சரிவு ஒருவர் பிறந்து எத்தனை ஆண்டாயிற்று என்பதைவிட, இறப்புக்கு எவ்வளவு காலம் உள்ளது என்பதையே சார்ந்தது. முதியோர் கடந்ததையே பேசுவது மூளைத் தளர்ச்சி என்று கருதப்பட்ட காலத்தில், அது வாழ்வைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்தும் தேவையான பணி என 1963இல் ராபர்ட் பட்லர் எழுதினார். வயது பற்றிய பாகுபாட்டுக்கு 1969இல் ஆங்கிலத்தில் தனிச்சொல்லை உருவாக்கியவரும் இவரே. கனடா மருத்துவர் ஹார்வி சோசினாவ் வகுத்து 2005இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்ட கண்ணிய மருத்துவமுறையில், இறக்கும் நிலையிலுள்ளோர் கூறுபவை பதிவுசெய்யப்பட்டு, எழுத்தாக்கப்பட்டு, குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் கூறிய மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து நிலைகள் பரவலாக அறியப்பட்டவை. அவை முதலில் கூறப்பட்டது இறந்துகொண்டிருப்போரைப் பற்றி. உற்றாரை இழந்தோரைப் பற்றியன்று. எல்லோரும் இவ்வரிசையில் செல்வதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டவில்லை. "இன்னும் ஏற்பு நிலைக்கு வரவில்லை" என்று நோயாளியைக் குறைகூறும் நிலைக்கு இப்பட்டியல் சில இடங்களில் இட்டுச்சென்றதும் உண்டு.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் கண்ணியமாக இறப்பது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி எனத் தீர்ப்பளித்து, எத்தகைய மருத்துவம் வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும் இசைவளித்தது. அதன் நடைமுறைகள் கடினமாக இருந்ததால் 2023இல் எளிதாக்கப்பட்டன. நீதித்துறை நடுவரின் மேலொப்பம் தேவையில்லை. சான்றுறுதி அலுவலர் அல்லது அரசிதழ்ப் பதிவுபெற்ற அலுவலர் முன் கையொப்பமிட்டால் போதும். எழுதுபவர் வயதுவந்தவராகவும் தெளிந்த மனநிலை உடையவராகவும் இருக்கவேண்டும். உச்ச வயது எதுவும் வரையறுக்கப்படவில்லை.